வண்டிக்கு மூச்சு முட்டுகிறதா? ஹெட்டை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

வள்ளியூர் பக்கம் இருக்கும் என் பட்டறையில் அடிக்கடி கேட்கிற புகார் ஒன்றுதான்: "அண்ணாச்சி, வண்டி இழுக்க மாட்டேங்கு." சொல்லுகிறவர் கையோடு தீர்ப்பும் கொண்டு வந்திருப்பார். டீசல் பம்பு போயிட்டு, சிலிண்டர் போர் போயிட்டு, ஹெட்டை இறக்கணும். ஹெட் என்பது சிலிண்டர்களை மேலே மூடி, வால்வுகளைத் தாங்கும் பாகம். இறக்கிப் பார்த்தால் பல நேரம் ஹெட்டில் ஒன்றும் இருக்காது.

ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரியக் குறைந்தது 10,000 லிட்டர் அளவுக்குக் காற்று வேண்டும். அது போகிற வழியில் எங்கே அடைத்தாலும், எங்கே ஒழுகினாலும் வண்டி சோர்ந்துவிடும். அதனால் காற்று நுழையும் வாயிலிருந்து தொடங்கி அது போகிற வழியே போய்ப் பார்க்க வேண்டும்: ஃபில்டர், ஹோஸ், டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் காற்றாடி), இன்லெட் மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்), ஹெட், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (எரிந்த புகையைச் சேர்த்து வெளியே விடும் குழாய்), சைலன்சர். காசு குறைந்த வேலை முதலில்; வழியில் நடுவே இருந்தாலும் ஹெட் கடைசியில். உங்கள் வண்டியின் அறிகுறி எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே போய்ப் படித்தால் போதும்.

## பாரம் ஏற்றினால் இழுவை இல்லை, கறுப்புப் புகை

வெறும் வண்டி நன்றாக ஓடும். பாரத்தோடு பணகுடி தாண்டி ஆடிக் காற்றை எதிர்த்துப் போகும்போது மூன்றாவது கியரை விட்டு மேலே ஏறாது. கறுப்புப் புகை என்றால் டீசல் போகிறது, அதற்கேற்ற காற்று போகவில்லை என்று பொருள். புகை நீலமாக இருந்தால் ஆயில் எரிகிறது. கீழே டர்போவைப் பற்றியும் ‘ஸ்டார்ட் ஆக அடம்’ தலைப்பிலும் சொல்லியிருப்பதைப் பாருங்கள். வெள்ளையாக வந்து ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் நேரே ‘ஸ்டார்ட் ஆக அடம்’ தலைப்புக்குப் போங்கள்.

ஃபில்டர் டப்பா. திறந்து பாருங்கள். திசையன்விளைப் பக்கம் ஓடும் வண்டியில் தேரி மண் சிவப்பாக அப்பியிருக்கும். கிரஷருக்குப் போகிற டிப்பரில் வெள்ளை மாவு. அறுவடை நேரத்தில் சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வயல்களில் ஓடிய டிராக்டரில் நெல் சுனையும் பதரும் கம்பளி விரித்த மாதிரி கிடக்கும். ஒரு தடவை களத்துக்குப் பக்கத்தில் ரெண்டு மாதம் சும்மா நின்ற டிராக்டரின் டப்பாவில் எலி அரைப்படி நெல்லைச் சேர்த்து வைத்திருந்தது.

காகித ஃபில்டரைத் தரையில் தட்டக் கூடாது, மடிப்பு கிழிந்துவிடும். கம்ப்ரசர் காற்றை உள்ளேயிருந்து வெளியே அடியுங்கள், அதுவும் 2 பாருக்கு மேல் வேண்டாம். பஞ்சர் கடையில் லாரி டயருக்கு வைத்திருக்கும் அழுத்தத்தை அப்படியே அடித்தால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். அதற்குப் பிறகு அந்த ஃபில்டர் இருந்தும் இல்லாத கணக்குத்தான். உள்ளே ஒரு பல்பை எரியவிட்டு வெளியிலிருந்து பாருங்கள். ஒளி ஊசி முனையாகத் தெரிந்தால் கிழிசல். எங்குமே ஒளி தெரியவில்லை என்றால் புதிது வாங்குங்கள். சந்தேகம் தீரவில்லையா, நல்ல ஃபில்டர் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஃபில்டர் இல்லாமல் மட்டும் ஓட்டிப் பார்க்கக் கூடாது. டர்போ வண்டியில் இது ரொம்பவே முக்கியம்.

பழைய டிராக்டர்களில் எண்ணெய்க் கிண்ணம் வைத்த கிளீனர் இருக்கும். கிண்ணத்தைக் கழற்றிச் சேற்றை வழித்துவிட்டு, கோடு வரை மட்டும் ஆயில் ஊற்றுங்கள். "கொஞ்சம் கூட ஊத்துனா நல்லதுதானே" என்று கோட்டைத் தாண்டி ஊற்றுகிறவர்கள் உண்டு. அந்த ஆயிலை எஞ்சின் உறிஞ்சிவிட்டால் டீசலை நிறுத்தினாலும் நிற்காமல் பேய் பிடித்த மாதிரி ஓடும். காற்று வாயைத் தடித்த பலகையால் அடைத்தால்தான் நிற்கும். கையை வைத்து அடைக்கப் போகாதீர்கள்.

ஹோஸும் கிளிப்பும். ஃபில்டர் சரி என்றால் அடுத்து ரப்பர் ஹோஸ். ஒருவரை ரேஸ் கொடுக்கச் சொல்லிவிட்டு, ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவிலுள்ள ஹோஸைப் பாருங்கள். களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றுகிற ஒரு வண்டி வேறொரு இடத்தில் டீசல் பம்பும், டீசலைப் பீய்ச்சும் நாசிலும் மாற்றிவிட்டு, அதே புகையோடு என்னிடம் வந்தது. வெளியே பார்த்தால் ஹோஸ் புதுசு மாதிரி இருந்தது. ரேஸ் கொடுத்ததும் உறிஞ்சு குழல் மாதிரி நடுவில் ஒட்டிக்கொண்டது. உள் அடுக்கு பிரிந்து காற்று வழியை அடைத்திருக்கிறது. ஒரே ஒரு ஹோஸ் மாற்றினோம், வண்டி சரியாகிவிட்டது. அவர் பம்புக்குக் கொடுத்த பணத்தை நினைத்து எனக்கே வயிறு எரிந்தது.

டர்போவிலிருந்து இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் பாகம்), அங்கிருந்து மேனிஃபோல்ட் வரை போகும் ஹோஸ்களில் கோளாறு வேறு விதம். அங்கே காற்று அழுத்தத்தோடு வருவதால் கிழிசல் வழியாக வெளியே பீய்ச்சும். பாரத்தில் ஏறும்போது "உஸ்" என்று சத்தம் வரும். கிளிப்பு இருக்கும் இடத்தில் ஆயில் ஈரமாகப் படிந்து அதில் தூசி ஒட்டியிருந்தால் ஒழுக்கு அங்கேதான். சோப்புத் தண்ணீர் தடவி ரேஸ் கொடுத்தால் நுரை காட்டிக் கொடுத்துவிடும். அடிப்பக்கம் தடவிப் பார்க்க மறக்காதீர்கள். கிழிசல் எப்போதும் கண்ணுக்குப் படாத பக்கம்தான் இருக்கும்.

டர்போ. எஞ்சின் ஆறியபின் ஹோஸைக் கழற்றி, காற்றாடியின் மூக்கை ரெண்டு விரலால் பிடியுங்கள். பக்கவாட்டில் மிக லேசாக ஆடினால் பயப்பட வேண்டாம். முன்னும் பின்னும் ஆட்டம் தெரிந்தாலோ, இறக்கை சுவரில் உரசிய தடம் இருந்தாலோ, இறக்கை நுனி தேய்ந்து மழுங்கியிருந்தாலோ டர்போ வேலை பார்க்கிறவரிடம் கொடுங்கள். மழுங்கிய நுனி தூசி உள்ளே போனதற்குச் சாட்சி. ஃபில்டரைச் சரி செய்யாமல் டர்போவை மட்டும் மாற்றினால் அடுத்ததும் அப்படியே போகும். ஹோஸுக்குள் ஆயில் லேசாகப் பூசியிருப்பது வழக்கம்தான். தேங்கி நின்றால், நீலப் புகையும் வந்தால், டர்போவின் சீல் போயிருக்கலாம். அதற்கு முன் டர்போவிலிருந்து ஆயில் இறங்கும் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். செலவில்லாமல் முடிந்தாலும் முடியும்.

மேனிஃபோல்ட் உள்ளே கரி. இஜிஆர் வைத்த காமன் ரெயில் (அதிக அழுத்த டீசலை ஒரு பொதுக் குழாயிலிருந்து எல்லா நாசிலுக்கும் தரும்) வண்டிகளில் இது தவறாமல் வரும். எரிந்த புகையில் கொஞ்சத்தை இஜிஆர் திரும்ப உள்ளே விடுகிறது. பிரீதர் குழாய் வழியாக ஆயில் ஆவியும் வருகிறது. ரெண்டும் கலந்து தார் மாதிரி மேனிஃபோல்டுக்குள் படிந்துகொண்டே போகும். கட்டை விரல் போக வேண்டிய வழியில் சுண்டு விரல்கூட நுழையாத மேனிஃபோல்டுகளைக் கழற்றியிருக்கிறேன். ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடும் வண்டிக்கு இது சீக்கிரம் வரும்.

முதலில் இஜிஆர் வால்வை மட்டும் கழற்றிப் பாருங்கள். கரி சிக்கி மூடாமல் திறந்தபடி நின்றால் கறுப்புப் புகைக்கு அதுவே போதும். துடைத்து, தடையில்லாமல் மூடுகிறதா என்று பார்த்து மாட்டுங்கள். அந்த வாய் வழியாக டார்ச் அடித்தால் மேனிஃபோல்டின் நிலைமையும் தெரிந்துவிடும். கரி கனமாக இருந்தால் மேனிஃபோல்டை இறக்கித்தான் ஆக வேண்டும். வண்டியில் இருக்கும்போதே சுரண்டினால் கட்டி உடைந்து உள்ளே விழும், வால்வில் சிக்கும். இறக்கியதும் ஹெட்டின் வாய்களைச் சுத்தமான துணியால் அடையுங்கள். எத்தனை துணி வைத்தோம் என்று எண்ணிக்கொள்ளுங்கள், எடுக்கும்போதும் எண்ணுங்கள். மேனிஃபோல்டை மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறப் போட்டு, மரக் குச்சியாலும் பிரஷாலும் வழித்து, கழுவி, காயவிட்டு, புது கேஸ்கெட்டோடு (இரண்டு பாகங்களுக்கு நடுவில் ஒழுகாமல் அடைக்கும் தகடு) மாட்டுங்கள். கேஸ்கெட் உள்வாயில் துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். துருத்திய கேஸ்கெட் காற்றுக்குத் தடுப்புச் சுவர்.

"இஜிஆரை அடைச்சு விட்ருங்க" என்று கேட்பார்கள். நான் செய்வதில்லை. எஞ்சின் விளக்கு எரியும், சட்டப்படியும் தப்பு, எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போது திண்டாட வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் கறுப்புப் புகை நிற்கவில்லை என்றால்தான் பம்பு, நாசில். அது எனக்கும் உங்களுக்கும் வேலையில்லை, பம்பையும் நாசிலையும் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்ச் வைத்திருப்பவரிடம் போக வேண்டும். காமன் ரெயிலில் நாசில் குழாயைத் தளர்த்திப் பார்க்கும் பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம். உள்ளே 1,000 பாருக்கு மேல் அழுத்தம், தோலைத் துளைத்து டீசல் உடம்புக்குள் போய்விடும்.

## பெட்ரோல் வண்டியில் ஸ்லோ நிற்கவில்லை, சுற்று ஏறி இறங்குகிறது

டீசலில் காற்று போதாமல் கோளாறு என்றால் பெட்ரோலில் பெரும்பாலும் கணக்கில் வராத காற்று உள்ளே போவதால் கோளாறு. ஸ்லோ என்பது ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் சுற்று. சிக்னலில் நின்றால் அணைந்துவிடும், இல்லையென்றால் தானாகச் சுற்று ஏறும். முறுக்கினால் ஒரு நொடி தயங்கிவிட்டுத்தான் ஓடும்.

பைக்கில் கார்ப்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பரைப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் அது வெடித்துப் போகும். கையால் வளைத்தால்தான் வெடிப்பு வாய் திறக்கும். ரப்பர் நன்றாக இருந்தால் உள்ளே இருக்கும் ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) பாருங்கள். கழற்றி மாட்டும்போது ஓ-ரிங்கை விட்டுவிட்டு, ஒழுக்கை நிறுத்த நட்டை இறுக்கு இறுக்கு என்று இறுக்கி, ஃபிளாஞ்சையே (நட்டு பிடிக்கும் முகத் தகடு) வளைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. கண்ணாடித் துண்டின் மேல் வைத்தால் வளைவு தெரியும். உப்புத் தாளைக் கண்ணாடி மேல் பரப்பி எட்டுப் போடுவது போலத் தேய்த்தால் நேராகிவிடும்.

காரில் பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸை நசுக்கிப் பாருங்கள். சுற்று சரியானால் ஒழுக்கு அந்தப் பக்கம். அப்புறம் மேனிஃபோல்ட் கேஸ்கெட் ஓரமாகத் தண்ணீர் ஸ்பிரே அடியுங்கள். வயர் கனெக்டரில் படாமல் அடிக்க வேண்டும். சுற்று மாறுகிற இடத்தில் ஓட்டை இருக்கிறது. கார்ப் கிளீனர் அடித்தும் பார்க்கலாம், வேகமாகத் தெரியும். ஆனால் சூடான எக்ஸாஸ்ட் மேல் பட்டால் தீப்பிடிக்கும். அதனால் நான் தண்ணீரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒழுக்கே இல்லை, சுற்று மட்டும் ஆடுகிறது என்றால் த்ராட்டில் பாடியை (காற்றை அளந்து விடும் கதவு உள்ள பாகம்) துடைத்துப் பாருங்கள். அதிலும் தீரவில்லை என்றால் ஸ்கேனர் வைத்திருக்கிற எலக்ட்ரீஷியன்.

## காலையில் "டிக் டிக்", சூடானதும் குறைகிறது

இதைக் கேட்டதும் டேப்பெட் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) என்று முடிவு கட்டிவிடுவார்கள். டேப்பெட்டாகவும் இருக்கலாம். ஆனால் எஞ்சின் சூடாகச் சூடாகச் சத்தம் அடங்கினால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பாருங்கள். இரும்பு விரிந்து ஓட்டையை மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

முந்தின நாளே டார்ச் அடித்து, மேனிஃபோல்ட் ஹெட்டோடு சேரும் இடத்தில் கறுப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு முழ ரப்பர் குழாயைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு வாய்க்கும் கொண்டு போங்கள். ஃபேன் பக்கம் குழாயோ துண்டோ போகக் கூடாது. சத்தம் வருகிற இடத்தில் ஸ்டட் (மேனிஃபோல்டை ஹெட்டோடு பிடிக்கும் மரைக் கம்பி) உடைந்திருக்கும், பெரும்பாலும் கடைசி சிலிண்டரில். பைக்கில் என்றால் சைலன்சர் பெண்டின் வாஷர்தான். ஆக்சிலரேட்டரை விடும்போது பின்னால் "பட் பட்" என்று வெடிக்கும். வாஷர் மாற்றினால் முடிந்தது.

நட்டு தளர்ந்திருந்தால் ஆறியபின் நடுவிலிருந்து ஓரத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஸ்டட் உடைந்து கொஞ்சம் வெளியே நின்றால், துரு இளக்கும் எண்ணெயை ஓர் இரவு விட்டுவிட்டு, அதன் மேல் நட்டு வைத்து வெல்டிங் அடித்துத் திருப்பலாம். மட்டத்தோடு உடைந்திருந்தால் லேத் பட்டறையைக் கூப்பிடுங்கள். அலுமினிய ஹெட்டில் கை டிரில்லால் முயன்று துளை ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டால், ஒரு ஸ்டட் வேலை ஹெட் வேலையாகிவிடும். அனுபவித்துச் சொல்கிறேன், அந்த ஹெட் என் கைக்காசில் போனது.

## சுற்று ஏற ஏற மூச்சடைக்கிறது

ஸ்லோவில் நன்றாக நிற்கும், கொஞ்ச தூரம் நன்றாக ஓடும், பிறகு யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி. உள்ளே வரும் வழி சுத்தமாக இருந்தால் வெளியே போகும் வழியைப் பாருங்கள்.

நின்று கிடந்த டிராக்டரின் நிமிர்ந்த சைலன்சர் குழாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். சிரிக்காதீர்கள், முதலில் அதைப் பாருங்கள். அடுத்து சைலன்சரை ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். உள்ளே கலகல என்றால் தகடோ, புகையைச் சுத்தம் செய்யும் கன்வர்ட்டரோ உடைந்து வழியை அடைக்கிறது.

பெட்ரோல் காருக்கு, மேனிஃபோல்டின் உறிஞ்சலை அளக்கும் வேக்கம் கேஜ் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஸ்லோவில் முள் 17 முதல் 21 அங்குலத்துக்குள் (பாதரச அளவு) ஆடாமல் நிற்க வேண்டும். 2,500 சுற்றில் பிடித்து வையுங்கள். முள் நிலைத்து நிற்காமல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எக்ஸாஸ்ட் அடைப்பு. கேஜ் இல்லையென்றால், ஆறியபின் மேனிஃபோல்டுக்குக் கீழே உள்ள ஜாயிண்டைத் தளர்த்தி நின்ற இடத்தில் ரேஸ் கொடுங்கள். சத்தம் காதைப் பிளக்கும், ஆனால் சுற்று தங்குதடையின்றி ஏறினால் விடை கிடைத்துவிட்டது. வைக்கோல் கிடக்கும் இடத்தில் இதைச் செய்யாதீர்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகள் பலவற்றில் கரி பிடிக்கும் டிபிஎஃப் இருக்கிறது. அதன் விளக்கு மட்டும் எரிந்தால் நான்குவழிச் சாலையில் நாங்குநேரி டோல்கேட்டைத் தாண்டி அரை மணி நேரம் ஒரே சீராக ஓட்டுங்கள், தானே எரித்துக்கொள்ளும். விளக்கு போகவில்லை, கூடவே எஞ்சின் விளக்கும் வந்துவிட்டது என்றால் கம்பெனி சர்வீஸ்தான்.

## ஸ்டார்ட் ஆக அடம், ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங்

இங்கேதான் ஹெட் வருகிறது. அப்போதும் அவசரப்படாதீர்கள், முதலில் டேப்பெட் கேப், அதாவது டேப்பெட்டுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளி. எஞ்சின் ஆறியிருக்கும்போது ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு, வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். கேஸில் ஓடும் ஆட்டோக்களில் வால்வ் சீட் சீக்கிரம் தேய்ந்து வால்வு மேலே ஏறும். கேப் குறைந்து, கடைசியில் வால்வு மூடவே மூடாது. "சத்தமே இல்லாம ஓடுதே" என்று ஓட்டுநர் சந்தோஷப்படுவார். டேப்பெட் சத்தம் அடியோடு நின்றுபோன கேஸ் ஆட்டோ எனக்குப் பயம்.

கேப் சரி என்றால் சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ். பெட்ரோல் வண்டியில் எல்லா பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்து, எல்லாச் சிலிண்டரையும் அளந்து எழுதுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங். ஏறவில்லை என்றால் வால்வ் அல்லது கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் ரெண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கும். டீசலுக்கு இதே கேஜை மாட்டாதீர்கள், தாங்காது. ஆயில் சோதனையும் டீசலில் வேண்டாம்.

ரேடியேட்டரில் குமிழி, ஆயிலில் பால் நிறம், வெள்ளைப் புகை: ஹெட் கேஸ்கெட். நம் பக்கம் இதற்குக் காரணம் கேட்டால், ரேடியேட்டரில் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றுவது. உப்புப் படிந்து வழி அடைத்து, ஹெட் சூடேறி வளைகிறது. கூலன்ட் வாங்கக் கசந்தவர் ஹெட் வாங்குவார்.

ஹெட்டை இறக்கிய பிறகு வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்றுதான். போர்ட் (காற்றும் புகையும் போகும் துளை) வாய் மேலே பார்க்கும்படி ஹெட்டைச் சாய்த்து, வால்வ் மாட்டியபடியே போர்ட்டில் பெட்ரோலை விட்டுக் கொஞ்ச நேரம் வையுங்கள். வால்வைச் சுற்றி ஈரம் கசிந்தால் சீட் பிடிக்கவில்லை. மற்றதெல்லாம் லேத் பட்டறை வேலை: சீட்டை 30, 45, 60 டிகிரியில் வெட்டுவது, வால்வ் கைடு (வால்வ் தண்டு ஓடும் குழல்) மாற்றுவது, ஃபேஸிங் (ஹெட்டின் அடிமுகத்தைச் சீவி மட்டமாக்குவது). ஃபேஸிங் கொடுக்கும்போது "குறைஞ்சது எவ்வளவோ அவ்வளவு மட்டும் எடுங்க" என்று சொல்லுங்கள். டீசல் ஹெட்டில் அளவுக்கு மேல் எடுத்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். திரும்ப மாட்டும்போது டார்க் ரெஞ்ச் (அளவு பார்த்து இறுக்கும் ஸ்பேனர்) இல்லாமல் மாட்டாதீர்கள்.

## வெள்ளத்தில் நின்ற வண்டி

2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது எத்தனையோ வண்டிகள் மூழ்கின. தண்ணீரில் நின்ற வண்டியைவிட, தண்ணீர் வடிந்ததும் "ஸ்டார்ட் ஆகுதான்னு பாப்போம்" என்று சாவியைத் திருப்பிய வண்டிதான் அதிகம் கெட்டது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

பேட்டரி வயரைக் கழற்றுங்கள். ஃபில்டர் டப்பாவைத் திறங்கள். உள்ளே காய்ந்திருந்தால் பாதி நிம்மதி. ஈரமோ சேறோ இருந்தால் பெட்ரோல் வண்டியில் பிளக்குகளைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஆயில் அளவு பார்க்கும் கம்பியில் பால் நிறம் தெரிந்தால் ஆயிலும் மாற்ற வேண்டும். டீசல் வண்டியிலும் சென்சார் நிறைந்த புது வண்டியிலும் இதற்கு மேல் கை வைக்காமல் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.

## போர்ட்டிங் செய்தபின் கீழ்ச் சுற்றில் இழுவை போய்விட்டது

பாளையங்கோட்டையிலிருந்து வருகிற தம்பிமார் கேட்பது இது. யாரோ இன்லெட் போர்ட்டைப் பெரிதாகக் குடைந்து, கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டுக் கொடுத்திருப்பார்கள். வழி பெரிதானால் கீழ்ச் சுற்றில் காற்றின் வேகம் குறையும். கார்ப்பரேட்டர் வண்டியில் பளபளப்பான சுவரில் பெட்ரோல் படலமாக ஒட்டி வழியும். அதனால்தான் நாலாவது கியரில் ஊருக்குள் இழுக்கவில்லை.

குடைந்ததைத் திரும்ப நிரப்ப முடியாது. கார்ப்பரேட்டர் ஜெட் மாற்றிப் பார்க்கலாம், பாதி தேறும். சுவர் மெலிந்து தண்ணீர் அறைக்குள்ளோ கைடு பக்கமோ ஓட்டை விழுந்திருந்தால் வேறு ஹெட்தான்.

இன்னும் குடையாதவர்களுக்கு: மேனிஃபோல்ட் வாயும் ஹெட் வாயும் ஒன்றோடொன்று படி இல்லாமல் பொருந்துகிறதா என்று பாருங்கள். அதை மட்டும் கேஸ்கெட் அளவுக்குச் சரி செய்யுங்கள். எக்ஸாஸ்ட் போர்ட்டில் கரியை வழித்து வழவழப்பாக்கலாம், கெடுதல் இல்லை. வால்வுக்குக் கீழே போர்ட் திரும்புகிற உள்வளைவில் மட்டும் யாரையும் கை வைக்க விடாதீர்கள், ஃப்ளோ பெஞ்ச் (போர்ட்டில் போகும் காற்றை அளக்கும் கருவி) வைத்து அளந்து வேலை செய்கிறவரைத் தவிர.